எலிக்கு வேலை செய்யுது

சுகருக்கு என்று நாங்கள் சோதித்துக்கொண்டிருந்த சிறுகுறிஞ்சான் இலையைப் பற்றி எங்கள் ஆய்வக அட்டெண்டர் கேட்டது ஒரே வரி. "சார், இது நெசமாவே வேலை செய்யுதா?"

என் பதிலும் ஒரே வரிதான். "எலிக்கு வேலை செய்யுதுண்ணே."

அந்தப் பதிலில் பொய் கிடையாது. அன்றைக்கு மேசையில் கிடந்த தாளில் என்ன இருந்ததோ அதுதான் வாயில் வந்தது. ஆனால் மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், கை நடுங்க உட்கார்ந்திருந்த அதே மனிதர், வாயில் போட்ட சர்க்கரையைத் துப்பிவிட்டு "மண்ணு மாதிரி இருக்கு சார்" என்றார். நான் சொன்ன பதிலின் மூன்று சொல்லை எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்தும் இன்னும் ஆறவில்லை.

முதலில் தோன்றிய சமாதானம் மிக்ஸி சத்தம். அரவை மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் "எலிக்கு" என்பது காதில் விழாமல், "வேலை செய்யுது" மட்டும் விழுந்திருக்கும் என்று. அதுவும் நிற்காது. மெஷினை நிறுத்திய பிறகு மூடியைத் திறக்கப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். உடனே திறந்தால் சிறுகுறிஞ்சான் தூள் எழும்பி மூக்கில் ஏறும். சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் உள்ள பல இலைகளும் அப்படித்தான், தும்மல் அடங்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தப் பத்து நிமிட அமைதியில்தான் அவர் கேட்டார். முழுசாகவே காதில் விழுந்திருக்கும்.

அடுத்தது "இது". அவர் எதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார் என்பதை அப்போது பார்க்கவில்லை.

இலை மூட்டை வந்ததும் காம்பு, கொடித்துண்டு, வேறு இலை எல்லாம் பொறுக்கி எடுத்து, கழுவி, நிழலில் விரிப்போம். வெயிலில் போட்டால் பச்சை போய் வெளிறும். மழைக்காலத்தில் நிழலிலேயே விட்டால் பூஞ்சை பிடிக்கும், அப்போது மட்டும் 40 டிகிரியில் ஓவன். கசக்கினால் நொறுங்க வேண்டும், மடங்கக் கூடாது. இத்தனைக்கும் முன்னால் ஒரு சோதனை உண்டு. மூட்டையிலிருந்து ஓர் இலையை எடுத்து இரண்டு நிமிடம் நன்றாக மென்று, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, துப்பி, வாய் கொப்பளித்து, அரை ஸ்பூன் சர்க்கரை போட்டுக்கொள்வது. சர்க்கரை இனித்தால் மூட்டை திரும்பிப் போகும். மணலாக நெறித்தால் இலை சரியான இலை. ஜிம்னீமிக் அமிலங்கள் நாக்கிலுள்ள இனிப்பு ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கின்றன; அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை இனிப்பு தெரியாது. கசப்பும் உப்பும் பெரிதாக மாறாது. பத்து லட்ச ரூபாய் மெஷினுக்கு முன்னால் அவர் நாக்குதான் எங்கள் முதல் கருவி. ஒன்பது வருடமாகச் சுகர் உள்ளவரின் நாக்கு என்பது அப்போது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை.

அரைத்ததை 40 கண் சல்லடையில் சலிக்கிறோம். இறங்கியதை மறுபடி 80 கண் சல்லடையில் போட்டால், மேலே நிற்பதுதான் சாரம் எடுக்கும் எக்ஸ்ட்ராக்‌ஷனுக்குப் போகும். 80 கண்ணையும் தாண்டி இறங்கும் மாவுத்தூசு ஆகாது. வடிதாளை அடைத்துவிடும், கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் சாக்ஸ்லெட் கருவியில் போட்டால் கட்டியாக இறுகி, கரைப்பான் உள்ளே ஊறாமல் ஓரமாகவே வழிந்து ஓடும். அதனால் அந்தத் தூசு ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் சேரும். மாதம் ஒருமுறை கொட்டுவார்கள். அவர் கையில் இருந்தது அந்த டிரம்மிலிருந்து எடுத்த ஒரு பிடித் தூசு. அவர் தூசைப் பற்றிக் கேட்டிருக்கிறார். பதில் எக்ஸ்ட்ராக்டைப் பற்றிப் போயிருக்கிறது.

இரண்டும் ஒன்றல்ல. எக்ஸ்ட்ராக்ட் என்பது 100 கிராம் தூளை 70 சதவீத எத்தனாலில் 800 மில்லி ஊற்றி மூன்று நாள் ஊறவைத்து, அவ்வப்போது குலுக்கி, துணியிலும் பிறகு வடிதாளிலும் வடித்து, சக்கையை இன்னும் இருமுறை அதேபோல ஊறவைத்து, சேர்ந்த வடிநீரை ரோட்டரி எவாப்பரேட்டரில் 45 டிகிரியில் சுண்டவைத்தது. சுண்டவைப்பதிலும் வம்பு இருக்கிறது. எத்தனால் போகப் போக மிஞ்சும் தண்ணீரில் சபோனின் நுரைக்க ஆரம்பிக்கும். குடுவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினாலோ, வேக்குவத்தைச் சட்டென்று ஏற்றினாலோ, நுரை கண்டென்சர் வரை ஏறி, வடித்து வைத்த சுத்தக் கரைப்பானில் போய் விழும். அன்றைய வேலை போச்சு. ஆக்டனால் ஒரு சொட்டு விட்டால் நுரை அடங்கும், ஆனால் அது எக்ஸ்ட்ராக்டிலேயே தங்கிவிடும். எலிக்குக் கொடுக்கப் போவதில் அதைக் கலக்கக் கூடாது. பொறுமை ஒன்றுதான் வழி. கடைசியில் கரும்பச்சைப் பிசின் மாதிரி ஒன்று மிஞ்சும். காற்றுப் பட்டால் ஈரம் இழுத்து ஒழுகும்; ஈரம் உறிஞ்சும் டெசிக்கேட்டர் ஜாடியில்தான் வைக்க வேண்டும். எங்களுக்கு 100 கிராமுக்கு ஏறக்குறைய 12 கிராம் கிடைத்துக்கொண்டிருந்தது.

இவ்வளவும் தெரிந்த ஆள் "எது, இந்தத் தூசா? இதை நாங்க யாருக்கும் குடுத்துப் பார்த்ததே இல்லண்ணே" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காரணம், அந்த வாரம் தட்டில் வந்த ரிசல்ட்.

தட்டு என்றால் 96 குழித் தட்டு. சாப்பாட்டின் மாவுச்சத்தைக் குளுக்கோஸாக உடைக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியை எக்ஸ்ட்ராக்ட் எவ்வளவு தடுக்கிறது என்று பார்ப்பது. பிஎச் 6.8 பாஸ்பேட் பஃபரில் நொதி, அதோடு எக்ஸ்ட்ராக்ட், 37 டிகிரியில் பத்து நிமிடம். பிறகு பிஎன்பிஜி என்னும் சப்ஸ்ட்ரேட், அதாவது நொதி உடைக்க வேண்டிய பொருள். இருபது நிமிடம் கழித்து சோடியம் கார்பனேட் ஊற்றி நிறுத்தினால் மஞ்சள் நிறம் வரும். 405 நானோமீட்டரில் அளக்கலாம். மஞ்சள் குறைந்தால் நொதி தடுக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ஒப்பிட அகார்போஸ் வைப்போம், நோயாளிகளுக்கு மாத்திரையாகக் கொடுப்பதுதான். எங்கள் எக்ஸ்ட்ராக்ட் அகார்போஸை விடக் குறைந்த செறிவிலேயே நொதியைப் பாதி அடக்கிவிட்டது. அறையில் எல்லோர் முகத்திலும் வெளிச்சம்.

இந்த வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் இதில் ஒருமுறையாவது குளிர்காய்கிறார்கள்.

விலை குறைவு, எளிதில் கிடைக்கும் என்பதால் எல்லோரும் வாங்குவது ஈஸ்ட்டிலிருந்து எடுத்த நொதி. அகார்போஸ் மனிதக் குடலில் உள்ள நொதிகளை நன்றாகப் பிடிக்கும். ஈஸ்ட் நொதியைப் பிடிப்பதோ மிக மோசம். ஆக, ஈஸ்ட் நொதியில் அகார்போஸை வெல்வது நொண்டியோடு ஓடி ஜெயித்த மாதிரி. கொல்லையில் கிடக்கும் எந்த இலையும் அகார்போஸை விடச் சிறந்ததாகத் தெரியும். "அகார்போஸைவிட வீரியமிக்கது" என்று வருகிற மூலிகைக் கட்டுரைகளில் பல இந்த ஒரே ஓட்டையில் நிற்கின்றன. எலிக்குடலை அசிட்டோனில் காயவைத்து எடுத்த பவுடரைக் குளிர்ந்த பஃபரில் கலக்கி, சுழற்றி, மேலே தெளியும் நீரை நொதியாக எடுத்து, மால்டோஸையும் சுக்ரோஸையும் சப்ஸ்ட்ரேட்டாக வைத்துச் செய்தால்தான் குடலுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவோம்.

அதிலும் குழி இருக்கிறது. அங்கே பிரிந்து வரும் குளுக்கோஸை குளுக்கோஸ் ஆக்சிடேஸ், பெராக்சிடேஸ் கிட்டில் அளப்பார்கள். இடையில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடுதான் நிறத்தைக் கொண்டுவருவது. இலைச்சாற்றில் உள்ள ஃபீனால்கள் அந்தப் பெராக்சைடையே தின்றுவிடும். நிறம் குறையும், நாம் நொதி அடங்கியது என்று எழுதிக்கொள்வோம். எக்ஸ்ட்ராக்டோடு தெரிந்த அளவு குளுக்கோஸைச் சேர்த்து, கிட் அதைச் சரியாகக் காட்டுகிறதா என்று முதலில் பார்க்காதவர் ரிசல்ட்டை நம்பக் கூடாது. துவர்ப்புப் பொருளான டானின் இன்னொரு தொல்லை: எந்தப் புரதத்தைக் கண்டாலும் ஒட்டி அதை வீழ்படிவாக்கும். குறிப்பிட்ட நொதியைத் தடுத்ததாகத் தெரிவது, உண்மையில் கடுக்காய் தோலைப் பதப்படுத்துகிற அதே வேலைதான். பாலிவினைல்பாலிபிரோலிடோன் போட்டு டானினை இழுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். வீரியம் பாதியாகக் குறைந்தால் மனம் உடையக் கூடாது. பிறகு எக்ஸ்ட்ராக்டின் சொந்த நிறம். கரும்பச்சைச் சாறு 405-இல் தானே ஒளியை விழுங்கும். ஒவ்வொரு செறிவுக்கும் நொதி இல்லாத தனி ஒப்பீட்டுக் குழி வைக்காவிட்டால் கணக்கு சாய்ந்துவிடும்.

அந்த வாரத்துத் தட்டில் இருந்தது ஈஸ்ட் நொதி. டானின் நீக்கவில்லை. அதெல்லாம் "அடுத்த கட்டம்" என்று குறிப்பேட்டில் எழுதியிருந்தது. அந்தத் தெம்பில் வந்த வாய்தான் "வேலை செய்யுது" என்றது. இப்படி எழுதும்போது என் மேலேயே கோபம் வருகிறது. ஆனால் உடனே இதுவும் தோன்றுகிறது: ஓர் அட்டெண்டரிடம், மெஷின் மூடி பக்கத்தில் நின்றுகொண்டு, ஈஸ்ட் நொதிக்கும் குடல் நொதிக்கும் வித்தியாசம் பேசுகிறவன் பதில் சொல்லத் தெரியாதவன் என்றுதான் பெயர் எடுப்பான். அதனால்தான் நொதியை விட்டுவிட்டு எலியைச் சொன்னது. எலியில் பார்த்தது தட்டில் பார்த்ததைவிட உறுதியானது.

உறுதியானதா?

எலிக்குச் சுகர் வரவைப்பது ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசியால். உறைநிலையில் வைத்த பொடியை, பிஎச் 4.5 சிட்ரேட் பஃபரில், ஐஸ் மேல் வைத்து, போடும் நேரத்தில்தான் கரைக்க வேண்டும். தாமதித்தால் மருந்து வீரியம் இழக்கும், எலிக்குச் சுகர் சரியாக வராது. இரவு பட்டினி போட்ட எலிக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லிகிராம். கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் உடையும்போது உள்ளே இருக்கும் இன்சுலின் மொத்தமாகக் கொட்டும். அந்த ராத்திரியில் எலிகள் சுகர் ஏறிச் சாவதில்லை, இறங்கித்தான் சாகும். அதற்காகவே முதல் நாள் தண்ணீர் பாட்டிலில் 5 சதவீத குளுக்கோஸ் வைப்போம். அதை வைப்பது அவர் வேலை. எந்த எலி துவண்டு கிடக்கிறது என்று விடிகாலையில் வந்து பார்ப்பவரும் அவரே. 72 மணி நேரம் கழித்து வாலில் ஒரு சொட்டு எடுத்து, 250-க்கு மேல் இருந்தால் சோதனைக்கு எடுத்துக்கொள்வோம். சில எலிகள் பத்து நாளில் தானாகவே தேறும். ஏழாம் நாள் மறுபடி பார்க்காமல் மூலிகை கொடுக்க ஆரம்பித்தால், தானாகத் தேறியதற்கும் மூலிகைக்கே பெயர் கிடைக்கும். நாங்கள் பார்த்திருந்தோம். அந்த ஒன்றில் குறை சொல்ல முடியாது.

ஆனால் இந்த எலிக்கு இருப்பது பீட்டா செல் அழிந்த நோய், முதல் வகைக்குப் பக்கத்தில் வருவது. அவருக்கு இருப்பது இரண்டாம் வகை. இன்சுலின் இருக்கிறது, உடம்பு கேட்பதில்லை. நிக்கோட்டினமைடு கொடுத்துப் பாதி செல்லைக் காப்பாற்றிச் செய்வது, கொழுப்புத் தீவனம் கொடுத்துக் கொழுக்கவைத்துக் குறைந்த ஊசி போடுவது என்று இரண்டாம் வகைக்கு வேறு முறைகள் உண்டு. நாங்கள் செய்தது எளியது.

அப்புறம் அளவு. எலிக்கு நாங்கள் கொடுத்தது கிலோவுக்கு 400 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட். எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற, உடல் பரப்பை வைத்து 6-ஆல் பெருக்கி 37-ஆல் வகுப்பது வழக்கம். கிலோவுக்கு 65 மில்லிகிராம் வரும். 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 3.9 கிராம் எக்ஸ்ட்ராக்ட். 12 சதவீத விளைச்சலில் அது 32 கிராம் காய்ந்த தூள். பச்சை இலையாகப் பார்த்தால் இன்னும் பல மடங்கு. யாரும் தினமும் சாப்பிட முடியாது. அவர் சாப்பிட்டது காலையில் ஒரு டீஸ்பூன் தூசு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு டீஸ்பூன். பிறகு நிறுத்துப் பார்த்தோம், தட்டி எடுத்த ஸ்பூனில் 2 கிராமுக்குச் சற்று மேல். நாளுக்கு 4 கிராம். எலிக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு. இந்த அளவுக்கு ஒன்றும் ஆகாது.

இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூக்கம் வந்தது. மறுநாள் காலையில்தான் வேறொரு கணக்கு ஞாபகத்துக்கு வந்தது.

1990-இல் சென்னை, தரமணியிலிருந்து இரண்டு கட்டுரைகள் வந்தன. சிறுகுறிஞ்சானைப் பற்றி எழுதுகிற எல்லோரும் இன்றுவரை எடுத்துக்காட்டுவது அவற்றைத்தான். ஜிஎஸ்4 என்று பெயரிட்ட இலைச் சாரம், நாளுக்கு 400 மில்லிகிராம். ஒன்றில் இன்சுலின் போடும் 27 நோயாளிகள். மற்றதில் மாத்திரை சாப்பிடும் இரண்டாம் வகை நோயாளிகள் 22 பேர், 18 முதல் 20 மாதம். 22 பேரில் 5 பேர் மாத்திரையையே விட்டுவிட்டு ஜிஎஸ்4-ஐ மட்டும் வைத்துச் சமாளித்தார்கள் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல, மருந்து எது வெற்று மாத்திரை எது என்று மறைத்துச் செய்ததும் அல்ல என்பதைக் கொஞ்சம் பேர் எழுதுவார்கள். 4 கிராம் தூசில், 12 சதவீதக் கணக்குப்படி, 480 மில்லிகிராம் எக்ஸ்ட்ராக்ட். எலிக் கணக்கில் அற்பம். மனிதக் கணக்கில் ஏறக்குறைய அந்தக் கட்டுரையின் அளவேதான்.

இல்லை, இதையும் அப்படியே ஒப்பிட முடியாது. அவர்களுடைய சாரம் வேறு, எங்கள் எத்தனால் பிசின் வேறு, முழுத்தூசு இன்னும் வேறு. ஜிம்னீமிக் அமிலம் எவ்வளவு என்று அளப்பதிலேயே குளறுபடி இருக்கிறது. காரத்தில் கரைத்து, வடித்து, அமிலம் விட்டு வீழ்படிவாக்கி நிறுத்தால் ஒரு எண் வரும். அதே சாரத்தை நீராற்பகுப்புச் செய்து ஜிம்னீமாஜெனின் என்ற அதன் கருப்பகுதியை எச்பிஎல்சி கருவியில் அளந்தால் அதைவிடக் குறைந்த எண் வரும். வீழ்படிவில் மற்றக் குப்பையும் சேர்ந்து நிற்கும், நிறுக்கும் தராசுக்கு வித்தியாசம் தெரியாது. சந்தையில் "25 சதவீதம்" என்று போட்ட டப்பா எந்த முறையில் 25 என்று கேட்காமல் வாங்குபவர்களே அதிகம். ஆக ஒப்பிட முடியாது. ஒப்பிட முடியாது என்பது எனக்குச் சாதகமா பாதகமா என்பதும் தெரியவில்லை.

ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு வரி ஒப்பிடாமலே பொருந்தும்: சாரத்தோடு சேர்த்துக் கொடுத்தபோது மாத்திரையின் அளவைக் குறைக்க முடிந்தது. பெருமையாக எழுதிய வரி. திருப்பிப் படித்தால் எச்சரிக்கை. குறைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அதிலேயே இருக்கிறது.

அவருடைய மாத்திரை மெட்ஃபார்மின் 500 காலை மாலை, கிளைமிபிரைட் 1 மில்லிகிராம் காலையில். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சுகர் அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளைமிபிரைட் அப்படியல்ல. சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் பீட்டா செல்லைப் பிழிந்துகொண்டே இருக்கும். அந்தச் சம்பவத்துக்கு நாலு நாள் முன்னால் டாக்டர் அதை 2 மில்லிகிராமாக ஏற்றியிருக்கிறார். தூசு சாப்பிடுவதை அவர் டாக்டரிடம் சொல்லவில்லை. "அது மருந்து இல்லையே சார், இலைதானே" என்றார் பின்னால். எங்களிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? வேலை செய்யுது என்று சொன்னவர்களிடம் அதைத் திரும்பப் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது.

அன்று பதினொரு மணிக்கு எலிக்கூண்டில் தண்ணீர் பாட்டிலை மாட்டிக்கொண்டிருந்தார். பாட்டிலின் மூக்கு கம்பிக்குள் நுழையாமல் டக் டக்கென்று தட்டிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது, உதடு வெளுத்திருக்கிறது. பக்கத்தில் எலி வாலுக்கு வைத்திருந்த குளுக்கோமீட்டர்தான் இருந்தது. மீட்டர் மனிதர்களுக்கானதே, புது ஊசி எடுத்து விரலில் குத்தினோம். 58. எலிக்கு வைத்த குளுக்கோஸ் பாட்டிலைக் கொடுக்கக் கூடாது, அது ஆய்வகச் சரக்கு. டீக்கு வைத்திருந்த சர்க்கரையை மூன்று ஸ்பூன் எடுத்துக் கையில் கொடுத்தோம். வாயில் போட்டார், முகம் சுளித்தார், துப்பினார்.

"மண்ணு மாதிரி இருக்கு சார்."

கால் மணி நேரத்துக்கு முன்னால் தூசைப் போட்டிருந்தார். நாக்கில் அது உட்கார்ந்திருந்தது. சுகர் இறங்கி மயங்குகிறவரின் உடம்பு இனிப்பைத் தேடும். இனிப்பு என்று நாக்குச் சொன்னால்தான் விழுங்கும். அவர் நாக்கு மணல் என்று சொன்னது. "இனிக்கலன்னாலும் முழுங்குங்கண்ணே" என்று தண்ணீரில் கரைத்துப் பிடித்துப் புகட்ட வேண்டியிருந்தது. பதினைந்து நிமிடத்தில் 79. பிறகு கேன்டீன் இட்லி நாலு. கிளைமிபிரைட் நீண்ட நேரம் நிற்கும், சர்க்கரைத் தண்ணீர் கரைந்ததும் மறுபடி இறங்கும் என்பதால் வீட்டுக்கு அனுப்பாமல் டாக்டரிடம் அனுப்பினோம். (அகார்போஸ் சாப்பிடுகிறவர் என்றால் டீச் சர்க்கரையே சரிப்படாது, குடலில் சுக்ரோஸ் உடையத் தாமதமாகும், நேராகக் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும். சுகருக்கென்று பொன்கொரண்டி வேர், கடலழிஞ்சில் சாப்பிடுகிறவர்களுக்கும் இதையே யோசிக்க வேண்டும். அவற்றிலுள்ள சலசினால் அதே நொதிகளைத்தான் பிடிக்கிறது.)

எது இறக்கியது? புதிதாக ஏற்றிய மாத்திரையா, தூசா, இரண்டும் சேர்ந்தா? அன்று காலை இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டதாகச் சொன்னார். "கொஞ்ச நாளா எதுவும் ருசிக்கல சார்." மாத்திரை வழக்கம்போல, சாப்பாடு பாதி. இது மட்டுமே போதும் 58-க்கு. அப்படியானால் தூசு ரத்தத்தில் ஒன்றும் செய்யவில்லை. நாக்கில் செய்திருக்கிறது, தட்டில் சோற்றைக் குறைத்திருக்கிறது.

செடியில் ஒன்றுமில்லை என்று கையைக் கழுவிக்கொள்ளவும் வழியில்லை. அவர் சட்டைப் பையில் இருந்த மெட்ஃபார்மினுக்கே வேர் ஒரு செடியில்தான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடி. அதிலுள்ள கலிஜின் சுகரைக் குறைக்கும், நஞ்சும்கூட. மேய்ந்த ஆடுகள் செத்திருக்கின்றன. அதன் உறவான மெட்ஃபார்மினை 1922-இல் டப்ளினில் செய்தார்கள். 1957-இல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குக் கொடுத்து எழுதினார். அமெரிக்காவில் 1994-இல்தான் அனுமதி. ஆப்பிள் மரப்பட்டையில் 1835-இல் கிடைத்த ஃப்ளோரிசின்தான் இன்றைய டாபாகிளிஃப்ளோசின் வகைச் சுகர் மாத்திரைகளுக்கு வழிகாட்டி. இன்னொரு பக்கம் நித்தியகல்யாணி. நம் ஊரில் இன்றைக்கும் அதன் பூவைச் சுகருக்குத் தின்கிறார்கள். ஜமைக்காவிலும் அதன் இலைக் கஷாயத்தைச் சுகருக்குக் குடித்தார்கள். கனடாவில் அதை எலிக்குக் கொடுத்துப் பார்த்தபோது சுகர் அசையவில்லை, ஊசியாகப் போட்டபோது வெள்ளணுக்கள் சரிந்தன. அதிலிருந்து 1958-இல் வின்பிளாஸ்டின் வந்தது, புற்றுநோய்க்கு. சுகருக்கு என்று பூவை மென்றுகொண்டிருக்கும் யாரிடமும் இதைச் சொன்னால் "எங்க பாட்டி காலத்துல இருந்து" என்றுதான் தொடங்குவார்கள்.

சுகரைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நோய்ப் பட்டியலில் நீரிழிவும் இருக்கிறது. அரவை மெஷின் பக்கத்தில் நின்று "வேலை செய்யுது" என்று சொல்வதைத் தடுக்க ஒரு சட்டமும் இல்லை. என்றாலும், அவர் தூசை எடுக்காமல் கடைத்தெருவில் ஏதோ ஒரு "சர்க்கரைப் பொடி" வாங்கியிருந்தால் நிலைமை மேலும் மோசமாகியிருக்கலாம். சுகரைச் சட்டென்று இறக்குகிற மூலிகைப் பொடியில் கிளைமிபிரைட் இனத்து மாத்திரையான கிளிபென்கிளமைடு கலந்திருப்பது பலமுறை பிடிபட்ட சங்கதி. எங்கள் டிரம்மில் இருந்தது சுத்தமான இலை. இதைச் சமாதானமாக எழுதுகிறேனா, தெரியவில்லை.

டாக்டர் மாத்திரையைப் பழைய 1 மில்லிகிராமுக்கே இறக்கினார், பொடியை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினாரா என்று நாங்கள் கேட்கவில்லை. தூசு டிரம்முக்கு இப்போது பூட்டு. மூன்று மாதம் கழித்து ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 இருந்தது 7.6 ஆகியிருந்தது, அதே மாத்திரையில். முகத்தில் கொஞ்சம் வெற்றி.

"பொடி இன்னும் சாப்பிடுறீங்களா?"

"இல்ல சார். டீக்குச் சக்கரைதான் விட்டுப்போச்சு. அன்னைக்கு மண்ணு மாதிரி இருந்துச்சுல்ல, அதுல இருந்து வாயில வைக்கவே பிடிக்கல."

நாளுக்கு நாலு டீ, டீக்கு இரண்டு ஸ்பூன். நாற்பது கிராம் சர்க்கரை.

எலிக்கு எக்ஸ்ட்ராக்டை வாயில் ஊற்றுவதில்லை. 0.5 சதவீத சிஎம்சி என்னும் கொழகொழப்பான கரைசலில் கலக்கி, வளைந்த குழாயை நாக்கைத் தாண்டி உணவுக்குழாய்க்குள் விட்டு, நேராக இரைப்பையில் இறக்குவோம். நாக்கில் பட்டாலும் பயனில்லை, ஜிம்னீமிக் அமிலம் மனித ஏற்பியைப் பிடிக்கிற மாதிரி எலியின் ஏற்பியைப் பிடிப்பதில்லை. எலிகள் எவ்வளவு தின்றன என்பதையாவது பார்க்கலாம் என்று கூண்டுப் பதிவேட்டை எடுத்தேன். எடை, சுகர், தண்ணீர் எல்லாம் நாள்தவறாமல் அவர் கையெழுத்தில் இருக்கின்றன. "தீவன மிச்சம்" என்று ஒரு பத்தி இருக்கிறது. இருபத்தெட்டு நாளும் அது வெறுமையாகக் கிடந்தது. அதை நிறுத்து எழுதும்படி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.